பள்ளிவாசல் ஜெனரேட்டரும் நான் அடித்த மூன்று அடிகளும்



மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்தும்போது ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு நபிமொழி வந்து சேரும். மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்து, அதனால் கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடையது அது. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய மூன்று நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. பல ஆண்டுகளாக அதை நான் போலி மருத்துவர்களைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டுமே விளக்கி வந்தேன். பிள்ளைகள் சிரிப்பதற்காக, எல்லா நோய்க்கும் ஒரே ஊசியைப் போடும் ஒருவனின் கதையையும் சேர்த்துச் சொல்வதுண்டு. 2018 நவம்பருக்குப் பிறகு அந்தக் கதையை நான் சொல்வதில்லை. காரணத்தை இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம்.

முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட பகுதி எங்களுடையது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதை இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. அன்றைய ஜும்ஆவை ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேர் ஈரக் கைலியோடு வந்திருந்தார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்பது கம்பங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

பள்ளிவாசலில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. கயிற்றை இழுத்து இயக்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் வக்ஃபாகக் கொடுத்தது. அதைக் கொண்டு போர்வெல் மோட்டாரைக் காலையிலும் அஸருக்குப் பின்னும் ஓட்டினோம். ஒளூ செய்வதற்கு மட்டுமல்ல, சுற்றியிருந்த நான்கு தெருக்களுக்கும் அந்த நாட்களில் குடிநீர் அதுதான். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே ஒரு குழாயை நீட்டிவிட்டிருந்தோம். முஸ்லிம் தெரு, இந்துத் தெரு என்ற பேச்சு இல்லாமல் குடங்கள் வரிசையில் நின்றன. அதை இயக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெட்ரோல் ஊற்றத் தெரியும், கயிறு இழுக்கத் தெரியும் என்பதால் தானாக வந்து சேர்ந்த பொறுப்பு. “நம்ம ஹஜ்ரத்துக்கு மிஷின் வேலையெல்லாம் அத்துப்படி” என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் மறுக்காமல் இருந்துவிட்டேன். பின்னால் நடந்ததற்கு வித்து அந்த மௌனம்தான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை எஞ்சின் முரண்டு பிடித்தது. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று பிடுங்கியது; விரல் பிய்ந்துவிடும்போல் இருந்தது. கார்புரேட்டர் வழியாகப் புகையோடு வெடிச்சத்தம். பெட்ரோல் இருக்கிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. ஊருக்கு விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஃப்ளைவீலுக்கு உள்ளே ஒரு சின்னச் சாவி இருக்கும் ஹஜ்ரத். அது வெட்டுப்பட்டிருந்தால் இப்படித்தான் செய்யும்” என்றார். அவர் சொன்னது சரி. அத்தோடு, “தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்கள்” என்றும் சொன்னார். அந்த இரண்டாம் பாதியை நான் காதில் வாங்கவில்லை.

இஷாவுக்குப் பின் இரண்டு மாணவர்களை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். கயிற்றுச் சுருள் மூடியைக் கழற்றினேன். நடுவில் பெரிய நட்டு. ஸ்பேனரை வைத்ததும் எளிதாகக் கழன்றது. அது அவ்வளவு எளிதாகக் கழன்றிருக்கக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஃப்ளைவீல் அசையவில்லை. இழுத்தேன், நெம்பினேன், அசையவில்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் முனை நட்டு இல்லாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலை எடுத்து அதன் தலையில் அடித்தேன். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதை ஓங்கி அடித்தேன். ஃப்ளைவீல் ‘டங்’ என்று விடுபட்டுக் கையில் வந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். மாணவர்களும் சொன்னார்கள்.

உள்ளே அந்தச் சாவி உண்மையிலேயே பாதி வெட்டுண்டு கிடந்தது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் நட்டை எடுத்து ஷாஃப்ட்டில் பொருத்திப் பார்த்தேன். ஏறவில்லை. டார்ச்சை அருகில் கொண்டுவரச் சொன்னேன். ஷாஃப்ட்டின் முனை காளானைப் போல விரிந்திருந்தது. முதல் மரைகள் நசுங்கி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நீளமான ஸ்பேனரை எடுத்து நட்டை அழுத்தித் திருகினேன். அரைச் சுற்று கோணலாக ஏறி நின்றது. திரும்பக் கழற்றியபோது வெள்ளிக் கம்பிபோல இரும்புச் சீவல் ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

அந்த மரையின் அளவைப் பின்னால் அறிந்துகொண்டேன். ஷாஃப்ட் முனையின் விட்டம் 14 மி.மீ. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5 மி.மீ. மரையின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சிறிய மேட்டின்மீதுதான் முழு ஃப்ளைவீலும் நம்பி நிற்கிறது. உண்மையில் ஃப்ளைவீலைச் சுழற்றுவது அந்தச் சாவி அல்ல. ஷாஃப்ட்டின் கூம்பான பகுதியும் ஃப்ளைவீலின் கூம்பான துளையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் இரண்டும் சேர்ந்து சுழல்கின்றன. சாவியின் வேலை, பொறி விழும் நேரம் பிசகாமல் இரண்டையும் சரியான கோணத்தில் நிறுத்துவது மட்டுமே. அந்தக் கவ்வலை உண்டாக்குவது நட்டின் இறுக்கம். நட்டு தளர்ந்தால் கவ்வல் தளரும், கவ்வல் தளர்ந்தால் பாரம் முழுவதும் சாவியின்மீது விழும், சாவி வெட்டுப்படும். எங்கள் ஜெனரேட்டரில் நடந்தது அதுவே. நமது வீடுகளுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தர வேண்டுமானால் இவ்வகை எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல வேண்டும், அதாவது நொடிக்கு ஐம்பது சுற்று. அரைகுறையாகப் பிடித்திருக்கும் நட்டோடு அந்த வேகத்தில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் குடங்களோடு பெண்களும் குழந்தைகளும் நிற்பதை இன்று நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வியர்க்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை, ஜெனரேட்டரை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, அதே இரண்டு மாணவர்களோடு கடைத்தெருவின் கோடியிலிருந்த லேத் பட்டறைக்குப் போனேன். வழியில் இரண்டு இடங்களில் விழுந்து கிடந்த தென்னைகளைச் சுற்றி வயலுக்குள் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். பம்புசெட்டு எஞ்சின், படகு எஞ்சின் எல்லாம் அவரிடம்தான் வரும். பட்டறையின் தகரக் கூரையில் பாதியைக் காணோம். மிச்சமிருந்த பாதியின் கீழே லேத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மின்சாரம் இல்லாமல் அதுவும் எங்கள் மோட்டாரைப் போலத்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷாஃப்ட்டின் முனையைப் பார்த்தார். கட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

“இதை யாரு அடிச்சது பாய்?”

நான் சொன்னேன்: “முன்னாடியே யாரோ கழட்டியிருப்பாங்க போலிருக்கு ஐயா.”

சகோதரர்களே, அந்த வாக்கியத்தைப் பிறகு பலமுறை என் மனத்துக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பொய் என்று நேராகக் கைநீட்ட முடியாதபடி அமைந்த வாக்கியம். நட்டு முன்பே தளர்ந்திருந்தது. ஆகவே முன்பு யாரோ கழற்றியிருக்கக்கூடும். ‘போலிருக்கு’ என்று வேறு சொல்லியிருக்கிறேன். இப்படிச் சொற்களை அடுக்கத் தெரிந்திருப்பது படித்ததன் பயன் அன்று. படிப்பைத் தவறாகப் பயன்படுத்தியதன் பயன். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகளும் நேற்றிரவு டார்ச் பிடித்தவர்கள். மூன்று அடிகளையும் எண்ணியவர்கள். மூத்தவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இளையவன் என் முகத்தைப் பார்த்தான்.

பெரியவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, “அப்படின்னா வெச்சுட்டுப் போங்க. கரண்டு வரட்டும். எஞ்சினைப் பிரிச்சு ஷாஃப்டை வெளியே எடுத்து லேத்துல ஏத்திப் பாக்கணும். எப்ப அடிபட்டுது, அதோட எவ்வளவு நாள் ஓடுச்சுன்னு தெரியாம நான் கையால சரி பண்ணி அனுப்ப மாட்டேன். பிள்ளைங்க நிக்கிற இடம்” என்றார்.

மின்சாரம் வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அவர் தெருவில் படுத்துக் கிடந்த கம்பத்தைக் காட்டினார்.

அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியது இறையச்சம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. காலையில் மதிலுக்கு வெளியே காலிக் குடங்களோடு நின்றவர்களின் வரிசை நினைவுக்கு வந்தது. அத்தோடு, இளையவன் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஐயா, அடித்தது நான்தான். நேற்று ராத்திரி. மூன்று அடி” என்றேன். பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அடித்தபோது ஃப்ளைவீல் உள்ளே இருந்ததா? இருந்தது. நேராக அடித்தீர்களா, பக்கவாட்டிலா? நேராக. அதன்பின் நட்டைப் போட்டீர்களா? போட்டேன், ஸ்பேனரால் அரைச் சுற்று. எஞ்சினை ஓட்டினீர்களா? இல்லை.

“தெரியும் பாய்” என்றார். “பழைய அடின்னா முகம் கறுத்திருக்கும். இது பளபளன்னு இருக்கு. ஆனா நேரா அடிச்சதா, கோணலா அடிச்சதா, அடிச்சப்புறம் ஓடுச்சான்னு இரும்பு சொல்லாது. அடிச்சவர்தான் சொல்லணும்.” பிறகு மாணவர்களைப் பார்த்து, “மண்ணெண்ணெய் டின்னை எடுத்துட்டு வாங்க தம்பி, வேலையை முடிச்சிரலாம்” என்றார்.

அன்று அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் அமர்ந்து முழுவதும் பார்த்தேன்.

முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு மரைகளைக் கழுவினார். சீப்புப் பற்களைப் போலப் பல தகடுகள் கொண்ட அளவியை வைத்து மரையின் இடைவெளியை உறுதிப்படுத்திக்கொண்டார். பூதக்கண்ணாடியால் பார்த்து, முன்பக்கத்தில் மூன்று சுற்று மரைகளே கெட்டிருக்கின்றன, நட்டு இறுகி உட்காரும் உட்பகுதி புதிதுபோல் இருக்கிறது என்றார். கெட்டது வாசல், அறை கெடவில்லை என்பது அவருடைய சொல். பிறகு எஞ்சினுக்குள் தூள் விழாமல் துணியைச் சுற்றிவிட்டு, காளானாக விரிந்த முனையை அரத்தால் சாய்வாக ராவினார். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தித் தடவிப் பார்த்தார். கூடிய இரும்பு மட்டும் போனால் போதும். இருக்க வேண்டிய இரும்பு போனால் திரும்ப வராது.

அவரிடம் மரை வெட்டும் டை இருந்தது. அதை ஏன் முனையில் வைத்துத் திருகவில்லை என்று கேட்டேன். என் கண்ணுக்கு அதுதான் எளிய வழியாகத் தெரிந்தது. “நீங்க நேத்து ஸ்பேனர்ல பண்ணுனதை நான் டையில பண்ணுன மாதிரி ஆயிரும்” என்றார். வாசல் கெட்டிருக்கும்போது வெளியிலிருந்து நுழையும் டைக்குப் பழைய பாதை தெரியாது. அது கோணலாகப் பிடித்துத் தனக்கென்று ஒரு புதுப் பாதையை வெட்டிக்கொண்டு போகும். உள்ளே நன்றாக இருக்கும் மரையையும் குறுக்கே வெட்டிவிடும். ஆகவே நல்ல மரை இருக்கும் உட்பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும்.

அதற்கு அவர் கையாண்ட முறை எனக்கு வியப்பளித்தது. அதே மரையளவுள்ள கெட்டியான பழைய நட்டு ஒன்றைத் தகர டப்பாவிலிருந்து தேடி எடுத்தார். அதை வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் சரிபாதியாக அறுத்தார். இரண்டு பாதியின் உள்மரைகளிலும் முக்கோண அரத்தால் குறுக்கே சிறு பள்ளங்கள் போட்டார். சீவல் அதற்குள் விழும், ஓரம் கத்திபோல் வேலை செய்யும். பின்பு இரு பாதிகளையும் ஷாஃப்ட்டின் உட்பக்கத்து நல்ல மரைகளின்மேல் இருபுறமும் வைத்துப் பற்குறடால் இறுக்கிப் பிடித்தார். எண்ணெய் விட்டார். கழற்றுவதுபோல் வெளிநோக்கித் திருப்பினார். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மீண்டும் அரைச் சுற்று வெளியே. கெட்ட இடம் வந்ததும் கிறீச்சென்று ஒலி எழுந்தது. நிறுத்திவிட்டு, சாய்ந்து கிடந்த மரையின் இடையே முக்கோண அரத்தின் ஓரத்தைச் செலுத்தி இரண்டு இழுப்பு இழுத்தார். மீண்டும் நட்டின் பாதிகளை உள்ளே கொண்டுபோய் நல்ல மரையில் வைத்துத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்கினார். ளுஹர் வரை இது நடந்தது.

எங்கள் சமூகத்தில் இயந்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அல்ஜஸரீயின் பெயர் உடனே வந்துவிடும். 1206-இல் அவர் எழுதி முடித்த நூலில், கிராங்க் அமைப்பால் நீர் இறைக்கும் பொறி ஒன்று இருப்பது உண்மை. நானும் மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கிராங்க் அச்சைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய எனக்கு, எதிரே இருந்த கிராங்க் ஷாஃப்ட்டைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பது தெரியவில்லை.

பெரியவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தவர் தாவூத் (அலை) அவர்கள். ஸபஃ அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்களில், இரும்பை அவர்களுக்கு மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசங்களைச் செய்யும்படியும் அவற்றின் கண்ணிகளை அளவோடு அமைக்கும்படியும் கட்டளையிட்டதையும் அல்லாஹ் கூறுகிறான். அந்த ‘அளவு’ என்பதற்கு முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கத்தை இப்னு கஸீர் எடுத்துத் தருகிறார்: வளையத்தில் இறக்கும் ஆணி ஆடும்படி மெலிந்தும் இருக்கக் கூடாது, வளையத்தை உடைக்கும்படி தடித்தும் இருக்கக் கூடாது. தஃப்ஸீர் வகுப்பில் இந்த இடத்தை இரண்டே வரிகளில் கடந்து போவேன். இரும்பு மென்மையாக்கப்பட்ட ஒரு நபிக்கே அளவைப் பற்றித் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அதுவரை நான் நின்று யோசித்ததில்லை.

ளுஹர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது பெரியவர் ஒரு புது நட்டை என் கையில் கொடுத்து, “போடுங்க பாய், விரலால மட்டும்” என்றார். பயந்துகொண்டே வைத்தேன். முதல் மூன்று சுற்றில் ஒரு மெல்லிய உராய்வு; அதன்பின் வெண்ணெயில் இறங்குவதுபோல் அடிவரை போயிற்று. ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. காந்தக்கால் கொண்ட டயல் அளவியை எஞ்சின் உடலில் ஒட்டி, ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றி முள்ளைக் கவனித்தார். அதில் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் இரண்டு கோட்டுக்குள்ளேயே நின்றது. “நேரா அடிச்சதால பொழைச்சுது” என்றார். கோணலாக அடித்திருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கும். வளைந்த ஷாஃப்ட்டுக்கு மரையைச் சரிசெய்து பயனில்லை.

ஃப்ளைவீலின் கூம்புத் துளையில் வால்வு தேய்க்கும் பசையை மெல்லியதாகத் தடவி, ஷாஃப்ட்டில் வைத்து இடமும் வலமுமாகத் தேய்த்து, இரண்டும் எங்கும் ஒரே சீராகத் தொடுகின்றனவா என்று பார்த்தார். பின் எல்லாவற்றையும் துளிப் பசையும் எண்ணெயும் இல்லாமல் துடைத்தார். கூம்பில் எண்ணெய் இருந்தால் கவ்வாதாம். புதுச் சாவியை வைத்து ஃப்ளைவீலை ஏற்றினார்.

கடைசியாக இறுக்கம். இவ்வகை எஞ்சினில் இந்த நட்டை 75 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். அதை அளந்து முறுக்கும் ரென்ச் புயலில் எங்கோ போய்விட்டது. அவர் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் குறியிட்டார். பக்கத்து மீன்கடையிலிருந்து வில் தராசு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். மூத்த மாணவன் ஃப்ளைவீலைப் பட்டையால் பிடித்துக்கொள்ள, குறியிட்ட இடத்தில் தராசின் கொக்கியை மாட்டிக் குழாய்க்குச் செங்குத்தாக இழுத்தார். முள் ஏழரைக் கிலோவைத் தாண்டி ஒரு மயிரிழை போனதும் நிறுத்தினார். மீன் நிறுத்த தராசு அன்று ஃப்ளைவீலுக்கு நீதி செய்தது. பிறகு நட்டின் மீதும் ஷாஃப்ட்டின் முனை மீதும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு பிரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

இனிமேல் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டினார். புல்லர் கொண்டு இழுக்க வேண்டும். அப்போதும் நட்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டின் முனையோடு மட்டமாக விட்டுவைக்க வேண்டும். விடுபடும்போது ஃப்ளைவீல் தெறித்து விழாது, மரையின் முகத்துக்கும் காவல். வெறும் முனையில் இரும்புச் சுத்தியல் படவே கூடாது.

கூலி கேட்டேன். நட்டுக்கும் சாவிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். மற்றதற்கு, “எங்க வீட்லயும் உங்க குழாயிலதான் தண்ணி” என்றார். அஸருக்குப் பின் மோட்டார் ஓடியது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். ஃபிக்ஹ் படித்தவனுக்கு இங்கே ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. அமானிதமாக ஒரு பொருளை வைத்திருப்பவர், அவருடைய வரம்பு மீறலோ அலட்சியமோ இல்லாமல் அது கெட்டுப்போனால் ஈடு கொடுக்கத் தேவையில்லை. வரம்பு மீறினால் ஈடு கடமையாகிவிடும். எனக்கு ஜெனரேட்டரை இயக்க அனுமதி இருந்தது. பிரித்துப் பார்க்க யாரும் அனுமதி தரவில்லை. நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்பது என் பாவத்தின் கணக்கில் பேசப்படலாம். ஈட்டின் கணக்கில் அதற்கு இடமில்லை. எந்த வாகனத்தை எங்கே வரை ஓட்ட இரவல் வாங்கினான், எங்கே மீறினான் என்று மாணவர்களுக்கு எத்தனையோ உதாரணங்கள் சொல்லியிருக்கிறேன். இப்போது உதாரணம் நானே.

மறுநாள் செயலாளர் காக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “விடுங்க ஹஜ்ரத், ஊருக்காகத்தானே செஞ்சீங்க. மன்னிச்சாச்சு” என்றார். அவருடைய சொந்தப் பொருளாக இருந்திருந்தால் அந்த வார்த்தையோடு நான் எழுந்து வந்திருப்பேன். ஆனால் அது வக்ஃப். வக்ஃபுக்குச் சேர வேண்டியதைத் தள்ளுபடி செய்ய நிர்வாகிக்கு உரிமை இல்லை என்றுதான் நான் படித்திருக்கிறேன், பிறருக்கும் கற்பித்திருக்கிறேன். இதைச் சொன்னபோது அவர் முகம் சற்றுச் சுருங்கியது. புயலில் ஊரே கூரை இழந்து நிற்கையில் இந்த மனிதர் ஃபத்வா பேசுகிறாரே என்று நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு.

பட்டறைப் பெரியவரிடம் திரும்பப் போய், “நான் அடித்ததால் இந்த எஞ்சினின் மதிப்பு எவ்வளவு குறைந்திருக்கும்?” என்று கேட்டேன். “விக்கப் போறீங்களா பாய்?” என்றார். இல்லை, கணக்குத் தீர்க்க வேண்டும் என்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டாரா, என் தொல்லை தீரட்டும் என்று சொன்னாரா தெரியவில்லை, கொஞ்சம் யோசித்து, “500 ரூபாய் போடுங்க. வாசல்ல மூணு மரைக்கு அது ஜாஸ்தி” என்றார். நட்டு, சாவியின் விலையை ஏற்கெனவே என் கையிலிருந்து கொடுத்திருந்தேன். இந்த 500 ரூபாயைப் பள்ளிவாசல் கணக்கில் கட்டி ரசீது வாங்கினேன். ‘எதற்காக’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கணக்குப்பிள்ளை கேட்டார். ‘ஜெனரேட்டர் ஷாஃப்ட் மரைச் சேதம்’ என்று எழுதச் சொன்னேன்.

இன்னொரு கணக்கும் இருந்தது. அன்று மாலை மதரஸாவில் அந்த இரண்டு பிள்ளைகளையும் அழைத்து, பட்டறையில் நான் முதலில் சொன்ன வாக்கியம் உண்மையல்ல என்று சொன்னேன். மூத்தவன், “பரவாயில்லை ஹஜ்ரத்” என்றான். இளையவன் அப்படிச் சொல்லவில்லை. “அவர் ‘வெச்சுட்டுப் போங்க’ன்னு சொல்லாம உடனே சரி பண்ணித் தந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவன் இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். விடுமுறையில் வந்தால் பார்த்துவிட்டுப் போவான்.

அறுத்த நட்டின் இரு பாதிகளையும் பெரியவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஹதீஸ் வகுப்பில் அந்த நபிமொழி வரும்போது அவற்றை மேசைமேல் வைக்கிறேன். ஜெனரேட்டர் இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முன் கயிற்றுச் சுருள் மூடியைக் கழற்றி அந்த வெள்ளைக் கோட்டைப் பார்ப்பேன். சென்ற வாரமும் பார்த்தேன். நட்டின் மேலிருந்து ஷாஃப்ட்டின் முனை வரை ஒரே கோடாக இருந்தது. பெயின்ட் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது.